தாது வருஷத்துப் பஞ்சமும் மரணப் பதிவேடுகளும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சபை வரலாறு பயிலும் மாணவர் சிலருடன் பழைய சபையொன்றின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பெயர், வயது, ஊர், தொழில், அடக்கம் செய்த நாள், மரணத்தின் காரணம், குருவின் கையொப்பம் என்று வரிசையாகப் பத்திகள் வரையப்பட்டிருந்தன. மற்ற ஆண்டுகளுக்கு ஓரிரு பக்கங்களே போதுமானவையாயிருந்தன. 1877ஆம் ஆண்டுக்கு வந்தபோதோ பக்கங்கள் நீண்டுகொண்டே சென்றன. கையெழுத்தும் வரவரச் சுருங்கி, அவசரத்தில் எழுதப்பட்டது போலத் தோன்றியது. மரணத்தின் காரணம் என்னும் பத்தியில் வாந்திபேதி, காய்ச்சல், சீதபேதி, பலவீனம் ஆகிய சொற்களே மாறி மாறி வந்தன. மாணவர் ஒருவர் சற்று நேரம் அமைதியாயிருந்துவிட்டு, "ஐயா, இது பஞ்ச காலம் அல்லவா? பசியினால் ஒருவர்கூட இறக்கவில்லையா?" என்று வினவினார்.

அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மழை பொய்ப்பதும் மிகுதியாய்ப் பெய்வதும் வெயில் கடுமையாவதும் மனிதரின் உடல்நலத்தை எவ்விதம் தாக்குகின்றன என்பது இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. ஏழை நாடுகளிலேயே இத்தாக்குதல் மிகக் கொடியது என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டதே. ஆனால் வானிலைக்கும் மரணத்துக்கும் இடையே பல படிகள் உள்ளன. அப்படிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிய நமக்கு மிக அருகிலுள்ள வரலாற்றுச் சான்று, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய பெரும் பஞ்சமேயாகும். நம் முன்னோர் அதனைத் தாது வருஷத்துப் பஞ்சம் என்று அழைத்தனர்.

1. வானம் பொய்த்தது

1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. அதனைத் தொடர்ந்து வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் பல மாவட்டங்களில் ஏறக்குறைய முற்றிலும் தவறிற்று. பல்லாரி, கர்நூல், கடப்பை ஆகிய மாவட்டங்களில் தொடங்கிய வறட்சி, நெல்லூர், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி எனப் பரவியது. மைசூர் சமஸ்தானமும் பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியும் இதற்குத் தப்பவில்லை. 1877இல் தென்மேற்குப் பருவமழை மீண்டும் ஏமாற்றியது. அவ்வாண்டு செப்டம்பருக்குப் பின்னரே போதிய மழை கிடைத்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த தீங்கன்று. அதே ஆண்டுகளில் வட சீனத்தில் நிகழ்ந்த பஞ்சத்தில் ஒரு கோடி அளவிலான மக்கள் மாண்டனர். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியிலும் பெருவறட்சி ஏற்பட்டு, மக்கள் ஊர் ஊராக வெளியேறினர். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் நீரின் வெப்பம் இயல்புக்கு மேல் உயரும்போது தென்னாசியாவின் பருவமழை தளர்வதுண்டு. எல் நினோ எனப்படும் இந்நிகழ்ச்சிகளுள் மிக வலிமை வாய்ந்தவற்றில் ஒன்று 1877-78இல் நேர்ந்தது என்று பிற்கால ஆய்வாளர் நிறுவியுள்ளனர். அன்று இதனை அறிந்தவர் எவருமில்லர். எங்கோ ஒரு கடலின் சூடும் சேலத்துக் கம்பங்கொல்லையின் வாட்டமும் ஒரே நூலில் கோக்கப்பட்டவை என்பது அக்காலத்தாருக்கு எட்டாத அறிவு.

எனினும், மழை பொய்த்த எல்லா ஆண்டுகளிலும் இலட்சக்கணக்கானோர் மடிவதில்லை. ஆகையால் வானத்தோடு நம் விசாரணையை முடித்துக்கொள்வதற்கில்லை.

2. பசி நோயாக மாறிய விதம்

மழை தவறியதும் முதலாவது அற்றுப்போனது கூலி. உழவும் நடவும் களையெடுப்பும் அறுவடையும் இல்லாதபோது நிலமற்ற உழவுத் தொழிலாளருக்கு வேலையில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். துணி வாங்குவோர் இன்மையால் நெசவாளரும் தறியை நிறுத்தினர். அதே வேளையில் தானியத்தின் விலை ஏறியது. புகைவண்டிகள் தானியத்தைக் கொண்டுவந்து இறக்கின. சந்தையில் தானியம் இருந்தது. அதனை வாங்கும் காசு ஏழையின் முந்தியில் இல்லை. பஞ்சத்தின் பின்னர் ஆராய்ந்த அரசாங்க ஆணைக்குழுவே, உணவில்லாமையைவிட வேலையும் கூலியும் இல்லாமையே இத்தகைய பஞ்சங்களின் கொடுமை என்பதைக் குறிப்பிட்டுள்ளது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியாவதும் அவ்வாண்டுகளில் நின்றுவிடவில்லை.

இரண்டாவது படி தண்ணீர். ஏரிகளும் குளங்களும் வற்ற, ஊருக்கு ஒரு கிணறோ ஒரு குட்டையோ எஞ்சிற்று. மனிதரும் மாடுகளும் அதையே நாடினர். குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் ஒரே நீரில் நடந்தன. வாந்திபேதிக்கு இதைவிட ஏற்ற களம் வேறில்லை. வேலை தேடியும் கஞ்சி தேடியும் மக்கள் சாலைகள் வழியே கூட்டங்கூட்டமாக நடந்தபோது நோயும் அவர்களோடு நடந்தது. நிவாரண முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கித் தங்கியபோது அது காட்டுத்தீயாயிற்று. 1877ஆம் ஆண்டில் மட்டும் சென்னை மாகாணத்தில் வாந்திபேதியால் இறந்தோராகப் பதிவானவர்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரியம்மையும் உடன் பரவியது.

மூன்றாவது படி உடலின் உட்புறத்தில் நிகழ்ந்தது. சென்னை நிவாரண முகாமின் மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாந்தர் போர்ட்டர் என்னும் மருத்துவர், அங்கு இறந்தோரின் உடல்களைக் கூறாய்ந்து, தம் முடிவுகளை 1889இல் நூலாக வெளியிட்டார். நெடுநாள் பட்டினி கிடந்தவரின் குடற்சுவர் மெலிந்து தேய்ந்துபோவதை அவர் கண்டார். அத்தகைய குடல் உணவை ஏற்று உடலோடு சேர்க்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஆகவேதான் முகாமுக்கு வந்து சேர்ந்து, கஞ்சியும் கிடைத்த பின்னரும் பலர் பேதியால் மாண்டனர். உணவு கிடைத்தது, ஆனால் அது பிந்திக் கிடைத்தது.

நான்காவது படி நம்மில் பலர் எண்ணிப் பாராதது. மழை வந்த பிறகும் மரணம் நிற்கவில்லை. 1877இன் இறுதியில் நிலம் நனைந்து, குட்டைகள் நிறைந்து, கொசுக்கள் பெருகின. மாடுகள் பெருவாரியாக மடிந்துவிட்டமையால் கொசுக்கள் மனிதரையே மிகுதியாகக் கடித்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பட்டினியால் நலிந்திருந்த உடல்களைக் காய்ச்சல் எளிதில் வீழ்த்திற்று. வறட்சி நின்றபின் மலேரியா தன் அறுவடையைத் தொடங்கியது. பிறப்புகளும் வெகுவாகக் குறைந்தன. உண்ணாத தாயின் வயிறு கருவைத் தாங்குவதில்லை.

வாந்திபேதிக் கிருமியை இராபர்ட் கோக் கண்டறிந்தது 1883-84இல். மலேரியாவைக் கொசு பரப்புவதை இரானல்டு இராஸ் செகந்திராபாத்தில் உணர்ந்தது 1897இல். ஆகவே 1877இன் மருத்துவர்கள் இருளில் துழாவினர் என்பதை நாம் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், பசித்தவனுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்பதை அறிய நுண்ணோக்காடி தேவையில்லை. அக்கேள்வியிலேதான் அக்காலத்தின் மிகப் பெரிய போராட்டம் நடந்தது.

3. ஒரு ராத்தல் தானியம்

1877 சனவரி முதல் நாளன்று தில்லியில் வைசிராய் லிட்டன் பிரபு பெரும் தர்பார் நடத்தி, விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தார். அம்மாதத்திலேயே பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிடும்படி சர் ரிச்சர்டு டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். இவருடைய கதை போதகர்களாகிய நமக்கு எச்சரிப்பாக அமைவது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் தோன்றவே, இவர் பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி தருவித்து மக்களைக் காத்தார்; பட்டினியால் மாண்டோர் மிகச் சிலரே. அதற்காக அவருக்குக் கிடைத்த பரிசு கண்டனம். பணத்தை வீணாக்கினார் என்று இங்கிலாந்தில் சாடினர். இரக்கத்துக்காக ஏசப்பட்ட அம்மனிதர், மூன்றாண்டுகளுக்குப் பின் சென்னைக்கு வந்தபோது சிக்கனமே தம் திறமைக்குச் சான்று என்ற மனநிலையுடன் வந்தார்.

நிவாரண வேலைத்தளங்களில் கல்லுடைத்தும் மண் சுமந்தும் உழைக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் விதித்தார். பெண்களுக்கும் சிறுவருக்கும் இதனினும் குறைவு. அதற்கு முன்னர் தானிய அளவு ஒன்றரை ராத்தலாயிருந்தது. ஒரு ராத்தல் தானியம் ஏறத்தாழ 1,600 கலோரி ஆற்றலைத் தரும். வெயிலில் கடுமையாய் உழைப்பவனுக்கு அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேண்டும். எஞ்சியதை உடல் தன் சொந்தத் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதன் முடிவு யாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனை எதிர்த்து எழுந்தவர், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் இராபர்ட் கார்னிஷ். 1871ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் இவரே. ஆதலால் இம்மாகாணத்தின் மக்களை எண்ணாலும் உடலாலும் அறிந்தவர். உழைக்கும் மனிதனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும். அதனுடன் பருப்பும் காய்கறியும் சேரவேண்டும் என்று அவர் வாதாடினார். சிறைக்கைதிக்கு அரசு அளிக்கும் உணவினும் குறைவானதைக் குற்றமற்ற உழைப்பாளிக்கு அளிப்பது எப்படித் தகும் என்பதும் அவ்வாதத்தில் அடங்கியிருந்தது. டெம்பிளின் குறிப்புகளுக்கு மறுமொழியை அச்சிலும் வெளியிட்டார்.

1877 மார்ச்சில் சென்னை அரசு ஓரளவு இணங்கித் தானியத்தை ஒன்றேகால் ராத்தலாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது. இது கார்னிஷ் கேட்டதினும் குறைவே. எனினும் ஒரு மருத்துவரின் விடாப்பிடியான எழுத்து இலட்சக்கணக்கானோரின் கலத்தில் கால் ராத்தல் தானியத்தைக் கூட்டிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை மாகாணத்தில் நிவாரணம் பெற்றோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், கால் ராத்தலின் பெருமை விளங்கும்.

ஆகஸ்டில் சென்னைப் பெருமக்கள் கூட்டம் கூடி இங்கிலாந்து மக்களிடம் முறையிட்டனர். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி இதில் முன்னின்று உழைத்தார். இப்பஞ்சத்தின் வரலாற்றையும் 1878இல் விரிவாக எழுதி வெளியிட்டார். இலண்டன் மாநகரத் தலைவரின் நிதிக்கு 6 இலட்சம் பவுனுக்கும் மேல் சேர்ந்தது. எளிய மக்களின் காணிக்கைகளும் அதில் அடங்கும். ஆளுவோர் தயங்கியபோது அந்நாட்டு மக்கள் தயங்கவில்லை என்பதையும் வரலாறு பதிவு செய்கிறது.

4. பதிவேடுகள் சொன்னதும் சொல்லாததும்

நம் மாணவரின் வினாவுக்கு இப்போது திரும்புவோம். கிராமத்தில் நிகழும் மரணங்களைக் கிராம அலுவலர் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்பது அக்கால விதி. அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்புகள் சில: வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், வயிற்று நோய்கள், விபத்து, ஏனையவை. பசி என்பதற்குத் தனித்தலைப்பு இல்லை. பட்டினியால் குடல் தேய்ந்து பேதியானவன் வயிற்று நோயாளியாகப் பதிவானான். எலும்புந்தோலுமாகிக் காய்ச்சலில் நடுங்கிச் செத்தவள் காய்ச்சல் கணக்கில் சேர்ந்தாள். சாலையோரத்தில் விழுந்து மாண்ட வழிப்போக்கரை எவரும் எழுதவில்லை. சில ஊர்களில் எழுத வேண்டிய அலுவலரே பஞ்சத்துக்கும் நோய்க்கும் இரையாகியிருக்கக் கூடும்.

கார்னிஷ் இதனை உணர்ந்தார். 1878 மார்ச்சில் பஞ்ச மாவட்டங்களில் சில பகுதிகளைத் தெரிந்தெடுத்து மக்களை எண்ணச் செய்தார். பதிவேடுகள் காட்டிய மரணங்களைக் காட்டிலும் மிகுதியானோர் காணாமற்போயிருந்தனர். இவர்களுள் ஒரு பகுதியினர் இலங்கை முதலிய இடங்களுக்குப் பிழைக்கச் சென்றவர்கள். பெரும் பகுதியினர் மீண்டு வர இயலாத இடத்துக்குச் சென்றவர்கள். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு உண்மையை வெட்டவெளிச்சமாக்கியது. 1871இல் 3 கோடியே 12 இலட்சமாயிருந்த மாகாண மக்கள்தொகை பத்தாண்டுகளில் பெருகுவதற்கு மாறாக 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்திருந்தது. கர்நூல் மாவட்டம் தன் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையும், சேலம் மாவட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையும் இழந்திருந்தன. தென்னிந்தியா, தக்காணம் முதலிய பகுதிகள் அனைத்தையும் சேர்த்து, இப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 80 இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுவோரும் உளர்.

ஆகவே பதிவேடு பொய் சொல்லவில்லை. மரணத்தின் கடைசிப் படியை மட்டும் சொன்னது. வறட்சி, கூலியின்மை, விலையேற்றம், கெட்ட நீர், குறைந்த படி, பிந்திய கஞ்சி ஆகிய முந்திய படிகள் அந்தச் சிறு பத்திக்குள் இடம்பெறவில்லை. இதில் நம் குருமாருடைய பதிவேடும் அரசாங்கப் பதிவேடும் வேறுபடவில்லை என்பதே நம்மை வருத்துவது. செத்தவனின் வீட்டை அறிந்தவர், அவன் அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை என்பதை அறிந்தவர், அவரும் 'காய்ச்சல்' என்றே எழுதினார்.

5. திருச்சபை செய்ததும் செய்யத் தவறியதும்

இப்பஞ்சத்தில் திருச்சபையின் பங்கு சிறியதன்று. திருநெல்வேலியில் கால்டுவெல் ஐயரும் சார்ஜென்ட் ஐயரும் 1877 மார்ச்சில் உதவிப் பேராயர்களாக அபிஷேகம் பெற்ற காலமே பஞ்சத்தின் உச்சகாலம். நிதி திரட்டுவதும் தானியம் பங்கிடுவதும் அநாதைப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அவர்களுடைய முதற்பணிகளாயின. நாசரேத்தில் ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆதரித்து, அவர்கள் பிறர் கையை எதிர்பாராது வாழும்பொருட்டு 1878இல் கைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினார். கஞ்சி ஊற்றுவதோடு நில்லாமல், அடுத்த பஞ்சத்தில் அப்பிள்ளை எங்கே நிற்கும் என்று எண்ணிய தொலைநோக்கு அது.

நெல்லூர் மாவட்டத்து ஓங்கோலில் அமெரிக்க பாப்திஸ்து மிஷனெரி ஜான் கிளப் வேறொரு வழியைக் கண்டார். பஞ்ச நிவாரணமாகப் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டபோது, அதில் மூன்று மைலுக்கு மேற்பட்ட பகுதியைத் தாமே ஒப்பந்தமாக ஏற்றார். வேலைத்தளங்களில் மாதிகர் முதலிய தாழ்த்தப்பட்டோர் மேற்பார்வையாளரால் ஏசப்படுவதும் கூலி குறைக்கப்படுவதும் வழக்கமாயிருக்க, கிளப்பின் பகுதியிலோ அம்மக்களுக்குள்ளிருந்து வந்த உபதேசியாரே மேற்பார்வை செய்தனர். கூலி ஒழுங்காய்க் கிடைத்தது. மாலையில் உபதேசமும் ஆறுதலும் கிடைத்தன. பலர் ஞானஸ்நானம் வேண்டினர். கிளப் மறுத்தார். கையில் நிவாரணப் பணம் இருக்கும் வரையில் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்ற உறுதியுடன் ஏறக்குறைய பதினைந்து மாதங்கள் காத்திருந்தார். நிவாரணம் முடிந்த பின்னரும் மக்கள் வந்தனர். 1878 சூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றனர்.

சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பழிச்சொல்லை நாம் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறோம். அதற்குக் கிளப்பின் காத்திருத்தல் ஒரு மறுமொழி. ஆயினும் அது முழு மறுமொழியன்று. பசித்தவர்கள் தம்மை மனிதராக நடத்தியவர்களை நாடி வந்ததில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது? கூலியைக் குறைக்காதவனிடத்திலும் தொட்டால் தீட்டென்று கஞ்சியைத் தூர நின்று ஊற்றாதவனிடத்திலும் அவர்கள் கண்டது அரிசியை மட்டுமன்று. வெட்கப்பட வேண்டியவர்கள், பசியை ஆன்மாக்களைப் பிடிக்கும் வலையாக எண்ணியவர்களே. அக்கால மிஷன் அறிக்கைகள் சிலவற்றில், பஞ்சம் சுவிசேஷத்துக்கு வாசலைத் திறந்துவிட்டது என்ற மகிழ்ச்சி வெளிப்படையாகவே காணப்படுகிறது. அவற்றை இன்று வாசிக்கும்போது நம் நெஞ்சு கூசுகிறது.

பிரசங்க பீடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடவுள் ஏன் மழையை நிறுத்தினார் என்ற வினாவை அக்காலப் பிரசங்கிகள் இடைவிடாமல் எழுப்பினர். எரேமியாவின் பதினான்காம் அதிகாரமும் ஆமோசின் நான்காம் அதிகாரமும் அவர்களுக்கு ஆதாரமாயின. தானியம் புகைவண்டி நிலையத்தில் மூட்டை மூட்டையாயிருக்க, இம்மனிதன் ஏன் உண்ணவில்லை என்ற வினா அவ்வளவு உரக்க எழவில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசியோ தம் எட்டாம் அதிகாரத்தில் தானியம் விற்போரின் மரக்காலையும் தராசையும் பற்றியே பேசுகிறார் என்பதை நாம் மறந்துவிட்டோம். ஒரு ராத்தலா ஒன்றரை ராத்தலா என்ற வழக்கு, வேதாகமத்தின் பார்வையில், அலுவலகக் கோப்புக்குரிய சிறு விவகாரமன்று. அவ்வழக்கில் உரத்த குரல் கொடுத்தவர் ஒரு சுகாதார ஆணையர். நம் பீடங்களிலிருந்து அத்தகைய குரல் போதிய அளவு எழவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரத்தில் அகபு பஞ்சத்தை முன்னறிவித்தபோது அந்தியோகியாச் சபையார் செய்ததைக் கவனிப்போமாக. அப்பஞ்சம் எவருடைய பாவத்தின் விளைவு என்று அவர்கள் தர்க்கித்ததாக ஆசிரியர் கூறவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து, பர்னபா சவுல் என்பவர்கள் கையில் யூதேயாவிலுள்ளவர்களுக்கு அனுப்பினர். முன்னறிவிப்பு அவர்களை முன்னேற்பாட்டுக்கு நடத்தியது. ஆதியாகமத்தில் யோசேப்பு செய்ததும் அதுவே.

6. பின்னாளில் கற்ற பாடங்கள்

1878இல் சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் பஞ்ச ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, 1880இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. விளைச்சல் குறைவு, விலையேற்றம், மக்கள் ஊரைவிட்டு அலைதல் முதலிய அறிகுறிகளைக் கண்டவுடனே அலுவலர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது வரையறுத்தது. அதன் பின்னரும் 1896-97, 1899-1900, 1943 ஆகிய ஆண்டுகளில் பஞ்சங்கள் கோடிக்கணக்கானோரை வாட்டின என்பது உண்மையே. எழுதப்பட்ட விதி இரக்கமாகிவிடாது. ஆயினும் அழிவை முன்னரே அறியவும் முன்னரே உதவவும் கூடும் என்ற எண்ணம் அரசாங்க முறையில் வேரூன்றியது அப்போதுதான்.

தாது வருஷத்தின் படிகள் இன்றும் அழிந்துவிடவில்லை. 2022இல் பாகிஸ்தானில் பெய்த பெருமழையால் 3 கோடியே 30 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். வெள்ளத்தில் இறந்தோர் 1,700க்கும் மேற்பட்டவர்கள். ஆனால் நீர் வடிந்த பின்னரே மற்றொரு துன்பம் தலைகாட்டியது. 2021இல் ஏறத்தாழ 5 இலட்சமாயிருந்த மலேரியா நோயாளிகளின் தொகை, 2022இல் ஏறத்தாழ 26 இலட்சமாக உயர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 1878இல் நம் மாவட்டங்கள் கண்டதும் இதுவே: வானிலையின் சீற்றம் தணிந்த பிறகு, நலிந்த உடல்களின்மேல் காய்ச்சல் வருகிறது.

வெயிலின் கதையும் பதிவேட்டின் கதையாகவே இருக்கிறது. 2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வெப்பம் 46 பாகைக்கு மேல் ஏறியது. அம்மாதத்தின் மரணங்களை மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, வழக்கத்துக்கு மேல் 1,344 பேர் இறந்திருந்தமை தெரியவந்தது. வெயிலால் இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ காய்ச்சல் என்றோ எழுதப்படுவது எளிது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் வெயில் கண்ணுக்குத் தெரியாது. கூட்டிப் பார்க்கும்போதே அது தெரிகிறது. கார்னிஷ் 1878இல் செய்ததும் இத்தகைய கூட்டலே. அகமதாபாத் நகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. வெயில் ஏறுமுன் எச்சரிக்கை விடுத்தல், மருத்துவப் பணியாளரைப் பயிற்றுதல், நிழலும் குடிநீரும் கிடைக்கச் செய்தல் என்பன அதன் கூறுகள். பிற நகரங்களும் அதனைப் பின்பற்றின. முன்னறிவிப்பை முன்னேற்பாடாக்கும் அந்தியோகியாவின் வழி இதுவே.

முடிவுரை

வரலாறு பயில்வது முன்னோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக அன்று. 1877இல் அப்பதிவேட்டை எழுதிய குரு, நாளொன்றுக்கு எத்தனை குழிகளருகே நின்றாரோ நாம் அறியோம். அவருடைய சுருங்கிய கையெழுத்தை நாம் மரியாதையுடன் நோக்குகிறோம். ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர வேண்டும். ஆயர் ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய வீடுகள் உண்டு. அடுப்பு எரியாத நாட்களும், தகரக் கூரையின் கீழ் மே மாதத்து நண்பகலில் படுத்திருக்கும் முதியவரும், வெள்ளம் வடிந்த தெருவில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையும் அவர் கண்ணில் படுவது போல மருத்துவமனையின் கண்ணில் படுவதில்லை. அவற்றைக் கண்டபோது உரியவரிடம் சொல்வதும், வேண்டுமாயின் கார்னிஷைப் போல விடாமல் எழுதுவதும் நம் ஊழியத்துக்குப் புறம்பானவையல்ல.

அன்று அம்மாணவரின் வினாவுக்கு நாம் உடனே மறுமொழி சொல்லவில்லை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அனைவருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். 1877ஆம் ஆண்டில் அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கு அங்கே கல் நாட்டப்பட்டிருக்கவில்லை. முட்செடி மூடிய ஒரு மூலையைக் கோயிற்பிள்ளை சுட்டிக்காட்டினார். திரும்பி வரும் வழியில் அம்மாணவர், இனித் தாம் எழுதப்போகும் பதிவேட்டில் அந்தப் பத்தியைச் சற்று அகலமாக வரைந்துகொள்ளப்போவதாகக் கூறினார். நாமும் அவ்வாறே செய்வோமாக.